கேட்டுச் சொல்ல ஆள்: பொறியியல் கலந்தாய்வும் நம் பிள்ளைகளும்



அண்ணலின் நினைவு நாளில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "அதுக்குத்தான் கோச்சிங் சென்டர் இருக்கே, நாம எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோச்சிங் சென்டர் நம் காலனிக்குள் வருவதில்லை. மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் நம் காலனிக்குள் வருகிறவர் அட்மிஷன் புரோக்கர். அவருக்கு முன்னால் நாம் போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த உரை.

அண்ணலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. 1942 அக்டோபர் 29 அன்று, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அவர் ஒரு மனு கொடுத்தார். கல்வியைப் பற்றிய பகுதியில் அவர் கேட்டது கலைப் படிப்புக்கும் சட்டப் படிப்புக்குமான உதவி அல்ல. அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை கேட்டார். இந்தியாவுக்குள் படிக்க ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்க 1 லட்சம் ரூபாய் என்று கணக்கும் எழுதிக் கொடுத்தார். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அதன் வேர் அந்தக் காலத்துப் போராட்டத்தில் இருக்கிறது. கல்லூரி அலுவலக ஜன்னலில் "ஸ்காலர்ஷிப்தானே, அந்தப் பக்கம் நில்லு" என்று சொல்லும்போது தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டுக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது சென்னை மாகாணத்தில் பொறியியல் படிப்பு எவ்வளவு குறுகிய வாசல் என்பதற்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. வகுப்புவாரி அரசாணையை 1951இல் ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அது மருத்துவக் கல்லூரி இடம் பற்றியது. அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு வழக்கு, சீனிவாசன் என்பவர் பொறியியல் இடத்துக்காகப் போட்டது. அதை நாம் மறந்துவிடுகிறோம். மாகாணம் முழுவதற்கும் நான்கு அரசுப் பொறியியல் கல்லூரிகள், 395 இடங்கள் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அரசாணைப்படி 14 இடங்களில் 2 இடங்கள் 'அரிஜனங்களுக்கு'. அந்த இரண்டு இடங்களும் இருக்கக் கூடாது என்றுதான் வழக்கு நீதிமன்றப் படியேறியது. தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது, தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்தில் 15(4) பிரிவு வந்தது. இவை உங்களுக்குத் தெரிந்தவை.

இனி நேராக 1984க்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எம்.ஜி.ஆர். ஆட்சி இரண்டு காரியங்களைச் செய்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது, தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பணம் உள்ளவருக்கு ஒரு வாசல் திறந்த அதே சமயத்தில் பணம் இல்லாதவருக்கு ஒரு வடிகட்டி வைக்கப்பட்டது. இதைத் திட்டமிட்ட சதி என்று நான் சொல்லமாட்டேன். விளைவு அப்படித்தான் இருந்தது. பிளஸ் டூ பாட மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300 என்று கணக்கு. அந்த 100 மதிப்பெண்ணுக்காக, பொதுத் தேர்வு முடிந்த மறுநாளே மதுரைக்குப் போய் அறை எடுத்துத் தங்கி ஒரு மாதம் பயிற்சி எடுப்பார்கள். நான் பிளஸ் டூ முடித்தது 1990களில். என்கூடப் படித்த வசதியான பிள்ளைகள் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். நான் அம்மாவோடு கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் களை வெட்ட ஜீப் ஏறினேன். தேர்வையும் எழுதினேன். விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கும் முறையையே அன்றைக்குக் காலையில் தேர்வு அறையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு சமூகவியல் படித்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அது நானாகத் தேர்ந்தெடுத்த படிப்பு என்று சொன்னால் பொய்.

அந்தத் தேர்வைத் தமிழ்நாடு ஒழித்தது தானாக நடக்கவில்லை. ஜெயலலிதா ஆட்சியில் 2005இலும் 2006இலும் எடுத்த முயற்சிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006இல் வந்த கருணாநிதி அரசு, முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் பரிந்துரையின் மேல் சட்டம் இயற்றியது. 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு முதல் பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானது.

அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பத்து ஆண்டுகள் கழித்து அரியலூர் குழுமூர் அனிதாவின் வாழ்க்கையில் தெரிந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176. பொறியியல் கட்-ஆஃப் 199.75, மருத்துவக் கட்-ஆஃப் 196.75. ஒரே மூளை, ஒரே உழைப்பு, ஒரே மதிப்பெண் பட்டியல். பொறியியல் வாசல் திறந்திருந்தது. மருத்துவ வாசலில் நீட் நின்றது. 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். நுழைவுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று யாராவது விவாதம் வைத்தால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சரி, வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போகிறோமா? இங்கேதான் நான் கவலைப்படுகிறேன். தேனி மாவட்டத்தில் கடந்த சில ஆண்டுகளாகக் கலந்தாய்வு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததில், நம் பிள்ளைகள் இடத்தை மதிப்பெண்ணில் இழப்பதைவிட அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் அதிகம் இழக்கிறார்கள்.

முன்னால் என்றால், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதம். பொறியியலுக்குப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். "ஒங்க பிள்ளைக்கு மேக்ஸ் குரூப் கஷ்டம், ஆர்ட்ஸ் குரூப் போடுங்க" என்று ஒரு பள்ளியின் வாசலில் ஒரு அப்பாவிடம் சொன்னதை நானே கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை கணக்கில் 71 வாங்கியிருந்தாள். பள்ளிக்குத் தன் தேர்ச்சி விழுக்காடு கவலை, அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி போகிற கவலை. இரண்டு கவலைக்கும் நடுவில் ஒரு நிமிடத்தில் அவளுடைய பொறியியல் முடிந்துபோனது. நுழைவுத் தேர்வு ஒழிந்தது என்று நாம் கொண்டாடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு பதினைந்து வயதில், தலைமையாசிரியர் அறை வாசலில், அவளுக்கே தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது. (அப்படித் தவறியவர்களுக்கு பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேரும் வழி உண்டு. அதையும் சொல்லி வையுங்கள்.)

பின்னால் என்றால் கலந்தாய்வு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

கட்-ஆஃப் என்பது 200க்குப் போடும் கணக்கு. கணிதத்தில் 100க்கு வாங்கிய மதிப்பெண் அப்படியே சேரும். இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள் பாதியாகச் சேரும். கணிதத்தில் 78, இயற்பியலில் 70, வேதியியலில் 74 என்றால் 78, 35, 37 ஆகக் கட்-ஆஃப் 150. தமிழும் ஆங்கிலமும் தேர்ச்சி பெற்றால் போதும், இதில் சேராது. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேராது. கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதை இதிலிருந்தே பார்க்கலாம். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றாலும் முதலில் கணித மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். சனி ஞாயிறு தோட்டத்து வேலைக்குப் போகும் பிள்ளைக்கு வாரத்தில் மிஞ்சும் நேரம் கொஞ்சம். அந்த நேரத்தை எங்கே போட வேண்டும் என்று யாராவது இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தரவரிசை வந்ததும் பிள்ளைகள் பயந்துபோவார்கள். பொதுத் தரவரிசை ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும். அதே பக்கத்தில் சமூகத் தரவரிசை என்று இன்னொரு எண் இருக்கும். அது பல மடங்கு சிறியதாக இருக்கும். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு, "எனக்கெல்லாம் எங்கக்கா கிடைக்கும்" என்று புரோக்கரிடம் போகிற பிள்ளைகள் உண்டு.

இடம் எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சிறுபான்மை அல்லாத ஒரு சுயநிதிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பிரிவில் 60 இடங்கள் என்று வையுங்கள். 65 விழுக்காடு, அதாவது 39 இடங்கள் அரசு ஒதுக்கீடு. அவைதான் கலந்தாய்வுக்கு வரும். மீதி நிர்வாக ஒதுக்கீடு. இந்த 39இல் பொதுப் போட்டி 31 விழுக்காடு, ஏறக்குறைய 12 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, ஏறக்குறைய 6. அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 விழுக்காடு, ஓர் இடம். பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மலையடிவாரத்துப் பளியர் பிள்ளைக்கு இந்தக் கணக்கில் ஒரு முழு இடம்கூட வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது முக்கியமான இடம். போன ஆண்டு ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "எஸ்.சி. கோட்டாதானக்கா எனக்கு? ஓ.சி. சீட்டுல என்னைய எப்படி எடுப்பாங்க?" அவள் கட்-ஆஃப் 187. இந்த நம்பிக்கை எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பொதுப் போட்டி என்பது உயர்சாதிக்கான ஒதுக்கீடு அல்ல. அது எல்லோருக்குமானது. நீங்கள் கேட்கும் கல்லூரியில், கேட்கும் பிரிவில், உங்கள் மதிப்பெண்ணுக்குப் பொதுப் போட்டியில் இடம் இருக்கிறதா என்று கணினி முதலில் பார்க்கும். இருந்தால் அதைக் கொடுக்கும். இல்லையென்றால் உங்கள் சமூக ஒதுக்கீட்டில் பார்க்கும். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் பட்டியலில் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பொதுப் போட்டியில் ஒரு தலித் பிள்ளை இடம் எடுத்தால், ஒதுக்கீட்டு இடம் இன்னொரு தலித் பிள்ளைக்கு மிஞ்சும்.

சுற்றுகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பொதுத் தரவரிசைப்படி பிரித்து, சுற்றுச் சுற்றாகக் கலந்தாய்வு நடக்கும். நம் பிள்ளைகளில் பலர் கடைசிச் சுற்றில் வருவார்கள். "அதுக்குள்ள நல்ல காலேஜ் எல்லாம் போயிரும்" என்று சொல்லி, அந்தப் பெயர்களை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். போவது பெரும்பாலும் பொதுப் போட்டி இடங்களும் மற்ற சமூகங்களின் இடங்களும்தான். பட்டியல் சாதி இடங்களை வேறு சமூகத்தார் எடுக்க முடியாது, முந்தைய சுற்றுகளில் நம் பிள்ளைகளே எடுத்தது போக மீதி காத்திருக்கும். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்குக் கடைசியாக எந்தக் கட்-ஆஃபில் இடம் போனது என்ற விவரத்தைக் கலந்தாய்வு இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் மூன்று ஆண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், வாய்ப்பு எவ்வளவு என்று நம்மாலேயே சொல்ல முடியும். ஜோசியம் தேவையில்லை, புரோக்கரும் தேவையில்லை.

ஆகவே விருப்பப் பட்டியல். மேலே ஆசைப்படும் கல்லூரி, நடுவில் கிடைக்கக்கூடியது, கீழே கட்டாயம் கிடைப்பது என்று நீளமாக எழுதலாம். கிடைக்காத ஒன்றை மேலே எழுதியதால் எந்தத் தண்டனையும் கிடையாது. வரிசைதான் முக்கியம். கிடைப்பது உறுதியான ஒரு கல்லூரியை முதலில் போட்டால் அதைக் கொடுத்துவிட்டுக் கணினி நின்றுவிடும். மேலே சொன்ன தங்கைக்கு முந்தைய ஆண்டில் அதே தெருவில் ஒரு பையன், பிரவுசிங் சென்டரில் பட்டியல் போட்டான். நாலே நாலு கல்லூரி. நாலும் அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த கல்லூரிகள். அவனுடைய மதிப்பெண்ணுக்கு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியைக் கேட்டுப் பார்த்திருக்கலாம், போடி அரசு பொறியியல் கல்லூரி கையெட்டும் தூரத்தில் இருந்தது. இரண்டும் பட்டியலில் இல்லை. "அண்ணந்தான் போட்டாரு, நான் ஓடிபி மட்டும் சொன்னேன்" என்றான். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் பலனை ஓடிபியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

2018க்கு முன்னால் கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். கூடலூரிலிருந்து ஒரு அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி, கூலியை விட்டு, அங்கே திரையைப் பார்த்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். இணையவழியானது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு முடிவெடுத்தது அந்தப் பிள்ளை. இன்றைக்கு பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவெடுக்கிறார். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். எனக்கும் வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் சில கண்ணிகள். அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று சாதிச் சான்றில் இருந்தால் விண்ணப்பத்தில் எஸ்.சி.ஏ. என்று குறிக்க வேண்டும். 2009 சட்டத்தின் உரிமை அது. அப்படிக் குறித்தால் பட்டியல் சாதியின் பொதுவான இடங்களில் போட்டியிடும் உரிமை போய்விடாது. அருந்ததியர் இடங்கள் நிரம்பாமல் போனால் அவை கடைசியில் மற்ற பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போகும். கம்பம் பள்ளத்தாக்கில் வெறும் எஸ்.சி. என்று தவறாகக் குறித்ததால் உள்ஒதுக்கீட்டை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உள்ஒதுக்கீடு சரியா தவறா என்று நமக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்ன பிறகும் நிற்கவில்லை. அரங்கத்தில் சண்டை போடுவோம். விண்ணப்பத்தில் சரியான கட்டத்தைக் குறிப்போம்.

தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கல். மதம் மாறியவர்கள் என்று சான்று இருந்தால் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். ஆனால் கல்வி உதவியில் ஆதிதிராவிடர் நலத்துறையின் மாநிலத் திட்டம் அவர்களுக்கும் உண்டு. போட்டியில் ஒரு சாதி, கட்டணத்தில் இன்னொரு சாதி. இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக ஒரு உரை பேசலாம். இப்போதைக்கு, உதவியைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டத்தின்படி 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நம் மாவட்டத்தில் இதில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிகள்தான். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. பெயரில் 'அரசு' இல்லையே என்று விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளை ஒன்று, உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு இதை நம்பி ஏமாந்த பிள்ளை ஒன்று, இரண்டையும் ஒரே வாரத்தில் சந்தித்தேன்.

இப்போது புரோக்கருக்கு வருகிறேன். அவர் வரும்போது இனிப்போடு வருவார். "எஸ்.சி. பிள்ளைக்கு ஒரு பைசா செலவில்ல தாயி, கவர்மெண்டே கட்டிரும். பஸ் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ. ஒரிஜினல் சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க." பிள்ளையைக் கலந்தாய்வுக்கே போகவிடாமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவார். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒன்றிய அரசின் இப்போதைய விதிப்படி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. இதைப் புரோக்கர் சொல்வதில்லை.

என் சொந்தத்திலேயே ஒரு பிள்ளைக்கு இது நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் ஆண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு தேர்வுக்கு முன்னால் கட்டண பாக்கி என்று பட்டியல் வந்தது. கட்ட முடியாது, படிப்பை நிறுத்துகிறேன் என்றதும் முழுப் பாக்கியையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். மாணவர்களின் அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சொல்லியிருக்கின்றன. அதை எடுத்துச் சொல்லி, மனு மேல் மனு போட்டு, எட்டு மாதம் கழித்துச் சான்றிதழை வாங்கினோம். அந்த எட்டு மாதமும் அவன் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தான்.

கலந்தாய்வில் முறையாகச் சேர்ந்தவர்களுக்கும் பணம் ஒரு இடத்தில் இடிக்கும். உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அது வரும் நேரம் வேறு, கல்லூரி கேட்கும் நேரம் வேறு. இடம் ஒதுக்கப்பட்டதும் குறித்த சில நாட்களுக்குள் ஏற்றுக்கொண்டு சேர வேண்டும், அல்லது ஏற்றுக்கொண்டு மேல்விருப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். நாள் தவறினால் இடம் போய்விடும். வருமானச் சான்றும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பும் அந்த வாரத்தில் தேடக்கூடியவை அல்ல. வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிய வீடுகளில், சத்துணவுக்கூடத்திலோ துப்புரவுப் பணியிலோ அரசு வேலை பார்க்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, 2010 முதல் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை கைகொடுக்கும். அதற்குத் தனிச் சான்று வாங்க வேண்டும்.

நாள் தவறுவது என்றால் என்ன என்பதற்கு ஐ.ஐ.டி. கதை ஒன்று இருக்கிறது. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தலித் மாணவர், 2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். ஏற்புக் கட்டணம் 17,500 ரூபாய். ஊரெல்லாம் கேட்டுத் திரட்டி முடிப்பதற்குள் ஜூன் 24 மாலை 5 மணி கடந்துவிட்டது. இடம் போனது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தைக் கொடுக்கச் சொன்னது. 17,500 ரூபாய்க்கு உச்சநீதிமன்றம் வரை போக எத்தனை குடும்பத்தால் முடியும்?

ஜே.இ.இ. எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதுங்கள். மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு, அதற்குள் பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு. ஐ.ஐ.டி.யில் நமக்குக் கல்விக் கட்டணமும் கிடையாது. மாவட்ட மாதிரிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதற்கான பயிற்சி கிடைக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கடன் வாங்கி, இரண்டு ஆண்டு கோச்சிங் சேர்த்து, பிளஸ் டூ கணக்கைக் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். என் கருத்து, பொதுத் தேர்வுக் கணிதம் முதலில், ஜே.இ.இ. அதன் மேல். இதில் மாற்றுக் கருத்து உள்ள ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள், பிறகு பேசட்டும்.

சமூகவியல் வகுப்பில் 'பண்பாட்டு மூலதனம்' என்று படித்தேன். பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூ சொன்னது. வசதியான வீட்டுப் பிள்ளை பணத்தை மட்டும் பெற்றுக்கொள்வதில்லை, எங்கே எதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பெற்றுக்கொள்கிறது. அதற்கு நம் ஊரில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: "கேட்டுச் சொல்ல ஆள்". என் அம்மா அடிக்கடி சொல்லும், "அவுகளுக்கு கேட்டுச் சொல்ல ஆள் இருக்கு, நமக்கு யாரு?" சித்தப்பா இன்ஜினியர், மாமா பேங்க் மேனேஜர், அத்தை மகன் பெங்களூரில் என்று இருக்கும் வீட்டில், விருப்பப் பட்டியல் சாப்பாட்டு மேசையில் தயாராகிறது. நம் வீட்டில் புரோக்கரின் பைக் சீட்டில் தயாராகிறது. எல்லாச் சாதிக்கும் சங்கம் இருக்கிறது, சங்கங்கள் பொறியியல் கல்லூரியே நடத்துகின்றன, தேனியில் கல்லூரிப் பெயர்ப்பலகைகளைப் படித்தாலே தெரியும். நாம் கல்லூரி கட்ட வேண்டாம். ஜூனில் மூன்று வாரம் கேட்டுச் சொல்லும் ஆளாக இருந்தால் போதும்.

சேர்ந்த பிறகும் வேலை முடியாது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைக்கும், பயந்து ஊருக்கு ஓடி வரும். அந்த முதல் தீபாவளி விடுமுறையில் அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள்.

இன்று டிசம்பர் 6. பொதுத் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் நாளைக்கே சாதிச் சான்றை எடுத்துப் பாருங்கள். சான்றில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, ஆதாரில் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் தாலுகா அலுவலகத்தில் மாற்ற இப்போது நேரம் இருக்கிறது, ஜூனில் அங்கே நிற்க இடம் இருக்காது. விண்ணப்பக் கட்டணம் நமக்கு 250 ரூபாய். தோழர்களில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேவாரம், போடி என்று ஊருக்கு இரண்டு பேர் வேண்டும். கூடலூருக்கு இதுவரை ஒருவர்தான் எழுதியிருக்கிறார்.